வலிக்காத வாய்ப்புண்: பால்வினைத் தொற்றா என்று பார்க்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மதுரையில் வாய்ப்புண் வந்தால் யாரும் டாக்டரிடம் ஓடுவதில்லை. சூடு என்று சொல்லி மணத்தக்காளிக் கீரையைக் கூட்டு வைப்பார்கள், தேங்காய்ப்பாலை வாயில் வைத்துக் கொப்பளிப்பார்கள், மெடிக்கலில் பி காம்ப்ளக்ஸ் ஒரு அட்டை வாங்குவார்கள். சித்திரை வெயில் என்றால் கூடவே ஒரு ஜிகர்தண்டா. பத்து நாளில் புண் ஆறிவிடும். எதனால் ஆறியது என்று யாரும் கேட்பதில்லை. சாதாரண வாய்ப்புண் எதுவுமே செய்யாவிட்டாலும் ஒன்றிரண்டு வாரத்தில் ஆறக்கூடியதுதான்.

நான் பல் மருத்துவம் பார்க்கிறவன். இந்தக் கட்டுரை அந்தச் சாதாரணப் புண்ணைப் பற்றியதில்லை. வாய்வழி உறவுக்குப் பிறகோ, யாரையாவது முத்தமிட்ட பிறகோ வாயில் ஏதோ தெரிகிறது, வீட்டில் சொல்ல முடியவில்லை, நண்பனிடம் கேட்டால் கிண்டல் செய்வான் என்று ராத்திரி ரெண்டு மணிக்குப் போனில் படம் தேடிக்கொண்டிருப்பவருக்காக எழுதுகிறேன். அந்தப் படங்களை முதலில் மூடுங்கள். அவற்றில் பெரும்பாலானவை நோய் முற்றிய நிலையில் எடுத்தவை. அதைப் பார்த்துப் பயப்படவும் கூடாது, 'நமக்கு அப்படி இல்லையே' என்று நிம்மதியாகவும் கூடாது.

முதல் வேலை: இரண்டு தேதி

கடைசியாக உறவு நடந்த தேதி, வாயில் மாற்றத்தை முதலில் பார்த்த தேதி, இந்த இரண்டையும் எழுதி வையுங்கள். பாதிக் கதை அந்த இடைவெளியிலேயே தெரிந்துவிடும். நேற்று உறவு, இன்று காலையில் புண் என்றால் அந்த உறவில் வந்த தொற்றாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பல்லில் கடித்திருப்பீர்கள், அல்லது கொதிக்கக் கொதிக்க டீ குடித்திருப்பீர்கள். பால்வினைத் தொற்றுகளில், ஹெர்ப்பிஸ் வைரஸின் கொப்புளம் வர 2 முதல் 12 நாள் ஆகும். கொனோரியா என்ற கிருமி தொண்டையில் தொற்றினால் பலருக்கு அறிகுறியே இருக்காது. இருக்கிறவர்களுக்கு ஓரிரு வாரத்துக்குள் தெரியும். சிபிலிஸ் நிதானமாக வரும், 10 நாளிலிருந்து 90 நாள் வரை, பொதுவாக மூன்று வாரம். எச்.பி.வி. என்ற வைரஸால் வரும் மருவுக்கு மாதக்கணக்கும் ஆகலாம்.

ஒரு அவசரத்தை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆணுறை கிழிந்த உறவோ, விருப்பமில்லாமல் நடந்த உறவோ, எச்.ஐ.வி. உள்ளவருடன் நடந்த உறவோ என்றால், அது நடந்து இன்னும் 72 மணி நேரம் ஆகவில்லை என்றால், மீதியை அப்புறம் படிக்கலாம், நேரே அரசுப் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். எச்.ஐ.வி. பிடிக்காமல் இருக்க 28 நாள் சாப்பிடும் மாத்திரை உண்டு. எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி தாண்டினால் ஆரம்பிப்பதில்லை. வாய்வழி உறவில் மட்டும் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு மிகவும் குறைவுதான். ஆனால் மாத்திரை தேவையா இல்லையா என்று வீட்டில் உட்கார்ந்து நீங்கள் முடிவு செய்ய வேண்டாம்.

கண்ணாடி முன்னால்

பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் நின்று பாருங்கள். போன் டார்ச் முகத்தில் அடித்தால் எல்லாமே வெளுத்துத் தெரியும். தொண்டைக்கு மட்டும் அது உதவும். கையைக் கழுவிக்கொண்டு உதட்டைப் பிதுக்கிப் பாருங்கள். கன்னத்தை விரலால் இழுத்துப் பாருங்கள். நாக்கு நுனியைச் சுத்தமான துணியால் பிடித்து இரண்டு ஓரத்தையும் பாருங்கள், அப்புறம் நாக்கைத் தூக்கி அடிப்பக்கம். 'ஆ' என்று சொல்லி அண்ணமும் தொண்டையும். கடைசியாகத் தாடைக்குக் கீழேயும் கழுத்திலும் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். மூன்று நிமிட வேலைதான்.

இப்படி முதல்முறை பார்க்கிறவர்கள் எல்லோருமே எதையாவது கண்டுபிடித்துப் பயப்படுவார்கள். எப்போதும் அங்கேயே இருந்தது, இன்றைக்குத்தான் கண்ணில் பட்டிருக்கும். உதட்டின் உட்புறமும் கன்னத்திலும் வெளிர்மஞ்சளாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கிறதா? எண்ணெய்ச் சுரப்பிகள், ஃபோர்டைஸ் புள்ளி என்போம், பெரியவர்களில் பெரும்பாலானோருக்கு உண்டு. நாக்கின் பின்கோடியில், தொண்டைப் பக்கம் வரிசையாகப் பெரிய மொட்டுகள் தெரிகிறதா? சுவை மொட்டுகள் இருக்கும் மேடுகள், எல்லோருக்கும் உண்டு. மேல் கடைவாய்ப் பல்லுக்கு நேரே கன்னத்தில் ஒரு சின்னச் சதைக் குமிழ் எச்சில் வரும் வாசல். நம் ஊர்க்காரர்களின் ஈறு கறுத்துத் திட்டுத்திட்டாக இருப்பது தோல் நிறத்தின் தொடர்ச்சி. நாக்கில் வெள்ளை வரம்பு கட்டிய சிவப்புத் தீவுகள் தோன்றி இடம் மாறிக்கொண்டே இருந்தால் அதுவும் தொற்று கிடையாது. டான்சில் குழியில் நாற்றமடிக்கும் வெள்ளைக் கட்டி, உணவுத் துணுக்கும் கிருமியும் சேர்ந்து இறுகியது.

சாதாரண வாய்ப்புண்ணை அடையாளம் காண்பதும் சுலபம். வட்டமாக, நடுவில் மஞ்சள் பூத்து, சுற்றிச் சிவந்து, உப்பும் காரமும் பட்டால் உயிர் போகும். அடிக்கடி வரும், தூக்கம் கெட்டாலும் பரீட்சை வந்தாலும் வரும், ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். இவ்வளவு வலிக்கிறதே, பெரிய நோயோ என்று வருகிறவர்கள் பலர். வாயைப் பொறுத்தவரை கணக்கு பெரும்பாலும் தலைகீழ். வலிக்காத புண்ணைக் கண்டால்தான் நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவேன்.

சிபிலிஸ்: காட்டிவிட்டு ஒளிந்துகொள்வது

ஒரு தம்பி வந்திருந்தார், அடையாளத்தை மாற்றித்தான் சொல்கிறேன், வயது இருபத்தைந்து இருக்கும். கடைவாய்ப் பல் சொத்தைக்காக வந்தவர், போகிற போக்கில் கீழுதட்டைக் காட்டினார்.

"சூட்டுப் புண்ணுதான் சார். கீரையெல்லாம் சாப்பிட்டுப் பாத்துட்டேன்."

"எத்தனை நாளா இருக்கு தம்பி?"

"மூணு வாரத்துக்கு மேல இருக்கும் சார்."

"வலிக்குதா?"

"அதான் சார் இல்ல. வலிச்சிருந்தா அப்பவே வந்திருப்பேனே."

கையுறை போட்டு இரண்டு விரலால் உதட்டைப் பிடித்துப் பார்த்தேன். புண் ஒன்றே ஒன்று, விரல்நகம் அளவு, அடி சுத்தமாக, சீழ் இல்லாமல். ஓரம் மட்டும் உள்ளே ஒரு சட்டைப் பொத்தானை வைத்துத் தைத்தது போலக் கெட்டியாக இருந்தது. தாடைக்கடியில் நெறி கட்டியிருந்தது; அழுத்தினால் அதுவும் வலிக்கவில்லை. ரத்தத்தில் சிபிலிஸ் உறுதியானது. சொத்தைப் பல்லை அடுத்த மாதம் பார்த்துக்கொண்டோம்.

கெட்டியான ஓரம், வலியில்லாமை, பக்கத்தில் நெறி, இந்த மூன்றும்தான் முதல்நிலை சிபிலிஸ் புண்ணின் முகம். உதட்டிலும் நாக்கிலும் அதிகம் வரும், டான்சிலிலும் அண்ணத்திலும் வரும். டான்சிலில் வந்தால் கண்ணுக்கே படாது. சில சமயம் ஒன்றுக்கு மேலும் வரும், வாயில் வேறு கிருமி சேர்ந்துகொண்டால் லேசாக வலிக்கவும் செய்யும். அதனால் வலி இருக்கிறது என்பதை வைத்து மட்டும் தள்ளிவிட முடியாது.

இந்த நோயின் தந்திரம் அடுத்ததில் இருக்கிறது. ஒரு மருந்தும் போடாமலே மூன்று முதல் ஆறு வாரத்தில் புண் தானாக மறைந்துவிடும். கீரை சாப்பிட்டவர் கீரையால் என்பார், லேகியம் சாப்பிட்டவர் லேகியத்தால் என்பார். மின்கம்பத்திலும் மூத்திரச் சந்துச் சுவரிலும் நோட்டீஸ் ஒட்டி, மாதத்தில் ஒருநாள் லாட்ஜில் ரூம் போட்டு 'மேகநோய்' பார்க்கிறவர்களின் பிழைப்பு இந்த ஒரு விஷயத்தில்தான் ஓடுகிறது. புண் போன பிறகும் கிருமி ரத்தத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். சில வாரம், சில மாதம் கழித்து இரண்டாம் நிலை: உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பில்லாத செம்பழுப்புப் புள்ளிகள், லேசான காய்ச்சல், திட்டுத்திட்டாக முடி உதிர்தல். வாயில் சாம்பல் கலந்த வெள்ளைப் படலங்கள் வரும். சில ஒன்றோடொன்று சேர்ந்து வளைந்து வளைந்து போகும். நத்தைத் தடம் என்று மருத்துவ நூல்களில் பெயர். இந்தக் கட்டத்தில் எச்சில் படும் முத்தத்திலேயே அடுத்தவருக்குத் தொற்றும். இதுவும் தானாக மறையும். வருடக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு, கவனிக்காமல் விட்ட சிலருக்கு இதயம், மூளை, நரம்பு என்று கைவைக்கும். அண்ணத்தில் ஓட்டை விழுவதும் உண்டு.

உள்ளங்கைப் புள்ளியை இங்கே குறிப்பாகச் சொல்லக் காரணம், அதைக் காட்ட ஸ்கின் டாக்டரிடமும் வாயைக் காட்டப் பல் டாக்டரிடமும் தனித்தனியாகப் போவார்கள். இரண்டையும் ஒரே டாக்டரிடம் சொல்லுங்கள்.

மற்றவை

உதட்டு ஓரத்தில் முதலில் எரிச்சல், ஊறல், அப்புறம் கொத்தாக நீர்க்கொப்புளம், உடைந்து பொருக்கு தட்டிப் பத்து நாளில் ஆறுகிறது என்றால் அது ஹெர்ப்பிஸ். கிராமத்துப் பக்கம் அக்கி என்று சொல்லி வேளார் வீட்டில் காவி எழுதிக்கொண்டு வருவார்கள். இதைப் பார்த்ததும் கணவன் மனைவி ஒருவரையொருவர் சந்தேகப்பட வேண்டாம். உதட்டில் வருவது பெரும்பாலும் ஹெர்ப்பிஸ் முதல் வகை. உலகில் ஐம்பது வயதுக்குக் கீழ் உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் உடம்பில் அது இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. பலருக்குச் சின்ன வயதிலேயே, கொஞ்சிய அத்தையோ தாத்தாவோ கொடுத்த முத்தத்தில் வந்திருக்கும். நரம்பில் ஒளிந்திருந்து காய்ச்சல், வெயில், களைப்பு வரும்போது தலைகாட்டும். சித்திரைத் திருவிழா முடிந்த வாரம் உதட்டுப் புண்ணோடு வருகிறவர்கள் சூடு என்று சொன்னால், இதில் மட்டும் பாதி ஒத்துக்கொள்வேன். கொப்புளம் இருக்கும்போது யாரையும் முத்தமிடவும் வாய்வழி உறவு கொள்ளவும் கூடாது, குறிப்பாகக் கைக்குழந்தையின் பக்கம் முகத்தைக் கொண்டு போகக் கூடாது. அசைக்ளோவிர் மாத்திரையை ஆரம்பத்திலேயே எடுத்தால்தான் பலன். வாய்வழி உறவால் பிறப்புறுப்புக்கும் இதே வைரஸ் போகும்.

எச்.பி.வி. மரு வலிக்காது. உதட்டிலோ நாக்கிலோ அண்ணத்திலோ சொரசொரப்பாக, சதை நிறத்தில் அல்லது வெள்ளையாக மெல்ல வளரும். நகத்தால் கிள்ள வேண்டாம், கூந்தல் முடியைக் கட்டி அறுக்கவும் வேண்டாம். வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவது சின்ன வேலை. மருவை உண்டாக்கும் எச்.பி.வி. வகைகளும் புற்றுநோயை உண்டாக்கும் வகைகளும் பெரும்பாலும் வேறுவேறு. 16-ஆம் எண் வகை டான்சிலிலும் நாக்கின் பின்கோடியிலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. அதற்குக் கண்ணுக்குத் தெரியும் அறிகுறி ஆரம்பத்தில் இருக்காது. ஆறாத தொண்டைக் கரகரப்பு, ஒரு பக்கக் காதுவலி, கழுத்தில் கட்டி என்று வந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

கொனோரியாவும் கிளமிடியாவும் வாயில் காட்ட ஒன்றும் இல்லாத நோய்கள். தொண்டையில் குடியிருக்கும், பெரும்பாலும் சத்தமே போடாது. சிலருக்குத் தொண்டைவலி, சிவப்பு, டான்சிலில் சீழ். எந்த டாக்டரும் அதைச் சாதாரணத் தொண்டைவலி என்றுதான் எடுத்துக்கொள்வார், நீங்கள் சொல்லாதவரை. மூத்திரப் பரிசோதனையில் தொண்டைக் கொனோரியா தெரியாது. தொண்டையில் பஞ்சுக்குச்சியால் துடைத்து எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் வெள்ளைப் படலம். துணியால் துடைத்தால் தயிர் போல வழித்துக்கொண்டு வந்து, அடியில் சிவந்து தெரிந்தால் அது காளான் தொற்று. நாக்கின் ஓரத்தில் வரிவரியாக, துடைத்தாலும் போகாத வெள்ளை என்றால் அது வேறு. இரண்டுமே எச்.ஐ.வி. கவனிக்கப்படாமல் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு வரும். ஆனால் காளான் தொற்று சர்க்கரை நோயாளிக்கும் வரும், ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் இழுத்துவிட்டு வாய் கொப்பளிக்காதவருக்கும் வரும், பல்செட்டைக் கழற்றாமல் தூங்குகிறவருக்கும் வரும். அதனால் எச்.ஐ.வி. பரிசோதனையோடு சுகரும் பார்க்கச் சொல்வேன். எனக்கு வந்தவர்களில் பலருக்கு அங்கேதான் விடை இருந்தது. எச்சிலாலும் ஒரே டம்ளரில் குடிப்பதாலும் எச்.ஐ.வி. பரவாது. 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்த காலத்தின் பயம் இன்னும் ஊரில் இருக்கிறது, நோயின் நிலைமையோ எவ்வளவோ மாறிவிட்டது. இப்போது தினமும் மாத்திரை எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உறவால் தொற்றாது.

மெடிக்கலுக்குப் போகும் முன்

வாய்ப்புண் களிம்பு என்று கேட்டால் சில கடைகளில் ஸ்டீராய்டு களிம்பைத் தருவார்கள். சாதாரணப் புண்ணுக்குச் சரி. ஹெர்ப்பிஸுக்கும் காளானுக்கும் அதைத் தடவினால் பரவும். அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை மூன்று மாத்திரை வாங்கிப் போடுவது இன்னும் மோசம். நோய் பாதி அடங்கும், பரிசோதனை குழம்பும், கிருமி மருந்துக்குப் பழகிவிடும். எனக்கு எரிச்சல் வருகிற இன்னொரு பழக்கம், எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பார்க்க ரத்த தான முகாமில் போய்ப் படுப்பது. தொற்றின் ஆரம்ப நாட்களில் சோதனையில் தெரியாமல் போகலாம். அந்த ரத்தம் யாருக்கு ஏறும் என்று நினைத்துப் பாருங்கள். இலவசமாகப் பார்க்க வேறு இடம் இருக்கிறது.

எங்கே போவது

மதுரையில் அந்த இடம் கோரிப்பாளையம் பக்கத்தில், பனகல் சாலையில் இருக்கும் அரசு இராசாசி மருத்துவமனை, ஊர்வழக்கில் பெரியாஸ்பத்திரி. காலையில் போய் ஓ.பி. சீட்டு போட்டு, பால்வினை நோய்ப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். அப்படிக் கேட்கக் கூச்சமாக இருந்தால் சுகவாழ்வு மையம் என்று கேட்கலாம். அதுவும் கூச்சம் என்றால் தோல் பிரிவுக்குப் போனாலும் வழி சொல்லி அனுப்புவார்கள். எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் நம்பிக்கை மையம். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கம் இருக்கிறவர்கள் தங்கள் ஊர் அரசு மருத்துவமனையிலேயே நம்பிக்கை மையத்தை விசாரிக்கலாம். சொந்த ஊரில் தெரிந்த முகம் இருக்கும் என்று பயந்தால் பஸ் ஏறி மதுரைக்கு வாருங்கள், கூட்டத்தில் யாருக்கும் யாரையும் தெரியாது. போவதற்கு முன் போனில் கேட்க வேண்டுமா? 1097 எச்.ஐ.வி., பால்வினை நோய்களுக்கான இலவச உதவி எண், 104 தமிழக அரசின் மருத்துவ உதவி எண். பெயர் சொல்லாமலே பேசலாம்.

எச்.ஐ.வி. பரிசோதனையை உங்கள் சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது, முடிவை உங்களைக் கேட்காமல் வெளியில் சொல்லக் கூடாது. 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் அதைச் சொல்கிறது. சோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசகர் உட்கார்ந்து பேசுவார். அவசரப்படாமல் கேளுங்கள், டாக்டருக்கு இல்லாத நேரம் அவரிடம் இருக்கும்.

டாக்டரிடம் சொல்ல வேண்டிய ஒரு வரி

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். உள்ளே போனதும், "வாய்வழியா உறவு வச்சிருந்தேன் டாக்டர், இந்தத் தேதில. வாயையும் தொண்டையையும் சேர்த்துப் பாத்துருங்க" என்று சொல்லுங்கள். ஆணோடா பெண்ணோடா என்பதையும் சொன்னால் எங்கே எதைப் பார்ப்பது என்று அவருக்குத் தெரியும். வாய் வரவில்லை என்றால் சீட்டின் பின்னால் எழுதி நீட்டுங்கள். எழுதிக் காட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன், ஒரு குறையும் இல்லை. பெண்கள் கணவர் அல்லது மாமியாரோடு வந்திருந்தால், "டாக்டர்கிட்ட தனியா ஒரு நிமிஷம்" என்று கேட்க உரிமை உண்டு.

சொல்லாவிட்டால் என்ன நஷ்டம் என்பதற்கு ஒரு உதாரணம். தேசியத் திட்டத்தில் பால்வினை நோய்களுக்கு மருந்துகளை நிறம் பிரித்துப் பொட்டலம் போட்டிருக்கிறார்கள். சாம்பல் நிறக் கிட்டில் அசித்ரோமைசினும் செஃபிக்ஸிமும், வெள்ளைக் கிட்டில் புண்ணுக்கான பென்சிலின் ஊசியும் அசித்ரோமைசினும், சிவப்பில் ஹெர்ப்பிஸுக்கான அசைக்ளோவிர், இப்படி ஏழு நிறம். மூத்திரத்தில் எரிச்சல், வெள்ளை படுகிறது என்று மட்டும் சொன்னால் சாம்பல் கிட் கிடைக்கும், கீழே குணமாகும். ஆனால் தொண்டையில் இருக்கும் கொனோரியாவில் செஃபிக்ஸிம் மாத்திரை அவ்வளவாக எடுபடாது. செஃப்ட்ரையாக்சோன் ஊசிதான் சரி. தொண்டையைப் பற்றி நீங்கள் பேசாவிட்டால் அது அங்கேயே தங்கிவிடும். தொண்டைத் துடைப்புச் சோதனை எல்லா இடத்திலும் வழக்கமாக எடுப்பதில்லை என்பதால், வாய்விட்டுக் கேளுங்கள்.

பரிசோதனையும் ஊசியும்

சிபிலிஸுக்கு வி.டி.ஆர்.எல். அல்லது ஆர்.பி.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை, அதை உறுதிசெய்ய டி.பி.எச்.ஏ. என்ற இன்னொன்று. புண் வந்த முதல் வாரத்தில் வி.டி.ஆர்.எல். எதுவும் காட்டாமல் இருக்கலாம். புண் தோன்றி ஒன்று முதல் நான்கு வாரத்தில்தான் அது எழும்பும். 'நெகட்டிவ்' தாளைப் பார்த்துக் கோயிலுக்கு மொட்டை போடக் கிளம்ப வேண்டாம், டாக்டர் சொல்லும் தேதியில் திரும்ப எடுங்கள். இன்னொரு பக்கம், கர்ப்பத்திலும் வேறு சில காய்ச்சல்களிலும் வி.டி.ஆர்.எல். பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும், அதற்குத்தான் இரண்டாவது சோதனை. எச்.ஐ.வி.க்கு விரல்நுனி ரத்தச் சோதனை என்றால் உறவு நடந்து மூன்று மாதம் கழித்து ஒருமுறை எடுத்தால்தான் முடிவாகச் சொல்ல முடியும். மஞ்சள் காமாலை பி வகைக்கும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம்.

ஆரம்பநிலை சிபிலிஸுக்கு மருந்து பென்சாத்தின் பென்சிலின் 24 லட்சம் யூனிட், ஒரே தடவை. பால்போல் கெட்டியான மருந்து, பெரிய ஊசி, இடுப்பில் இரண்டு பக்கமும் பிரித்துப் போடுவார்கள். வலிக்கும், மறைத்துச் சொல்லிப் பயனில்லை. பென்சிலின் முன்னால் ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், மாற்று மாத்திரை உண்டு. ஊசி போட்ட அன்று ராத்திரி குளிர்காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம். கிருமி மொத்தமாகச் சாகும்போது வருவது அது, ஒருநாளில் அடங்கும். ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து அடுத்த பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். மூச்சுத் திணறலோ முகவீக்கமோ வந்தால் மட்டும் அது வேறு, உடனே அவசரப் பிரிவு.

டி.பி.எச்.ஏ. பொதுவாக வாழ்நாள் முழுக்கப் பாசிட்டிவாகவே இருக்கும். வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் எடுக்கும்போது இதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் உண்டு. குணமானதைக் காட்டுவது வி.டி.ஆர்.எல். எண் இறங்குவது, 1:32 என்று இருந்தது 1:8-க்கு வந்தால் மருந்து வேலை செய்கிறது. அதற்காக 6 மாதம், 12 மாதம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும், பழைய சீட்டைத் தொலைக்காமல் வையுங்கள். தொண்டைக் கொனோரியாவுக்கு ஊசி போட்டு ஒன்றிரண்டு வாரத்தில் திரும்பவும் துடைத்துப் பார்ப்பது நல்லது.

கூட இருந்தவருக்கு

சிகிச்சை முடிந்து குறைந்தது ஒரு வாரம், புண் இருந்தால் அது முழுக்க ஆறும்வரை, முத்தம் உட்பட எதுவும் வேண்டாம். கூட இருந்தவருக்கும் பரிசோதனை தேவை, இல்லாவிட்டால் தொற்று திரும்ப உங்களிடமே வரும். சொல்வது கஷ்டம்தான். யாரால் வந்தது என்று ஆரம்பித்தால் பேச்சு சண்டையில் முடியும். "எனக்கு ரத்தத்துல ஒரு தொற்று இருக்குன்னு சொல்லிட்டாங்க, ஒரு ஊசில சரியாயிரும், நீயும் ஒருதடவை பாத்துரு" என்று ஆரம்பித்தால் ஆஸ்பத்திரி வரை போகும். மனைவி கர்ப்பமாக இருந்தால் நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே கூட்டிப் போங்கள். சிபிலிஸ் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குப் போகும், பிள்ளையை இழக்கவும் நேரும். நேரத்துக்குப் போட்ட பென்சிலின் அதைத் தடுத்துவிடும். கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பார்ப்பது வழக்கம்தான், அந்தச் சோதனையைத் தட்டிக்கழிக்க வேண்டாம்.

இனிமேல் என்றால், வாய்வழி உறவுக்கும் ஆணுறை உண்டு, வாசனை போட்டதும் மெடிக்கலில் கிடைக்கும். பெண்ணுக்கு வாய்வழி உறவு என்றால் ஒரு ஆணுறையை நீளவாக்கில் கத்தரித்து விரித்து நடுவில் வைத்துக்கொள்ளலாம். ஈறில் ரத்தம் வரும்போது, பல் பிடுங்கிய வாரத்தில், பல் தேய்த்த கையோடு வேண்டாம். எச்.பி.வி. தடுப்பூசி உறவு ஆரம்பிக்கும் முன்னால் போட்டால் முழுப் பலன். இந்தியத் தயாரிப்பு 2023-இலிருந்து வந்திருக்கிறது, பையன்களுக்கும் போடலாம்.

ரத்தத்தில் ஒன்றும் இல்லை, புண் இன்னும் இருக்கிறது

இதைக் கேட்டதும் பலர் சந்தோஷமாக எழுந்து போய்விடுவார்கள். எனக்குக் கவலையே இங்கேதான் கூடும். நம் பக்கத்தில் ஆறாத வாய்ப்புண்ணுக்குப் பால்வினைத் தொற்றைவிடப் பெரிய காரணம் புகையிலை. வெற்றிலையோடு புகையிலை, ஹான்ஸ், பான் மசாலா, கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டே வண்டி ஓட்டுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள். பாக்கு மட்டும்தான் போடுகிறேன் என்கிறவரின் வாயும் நாளடைவில் இறுகிப்போகும், மூன்று விரலைச் செங்குத்தாக வாய்க்குள் நுழைக்க முடியாது, காரம் பட்டால் எரியும். அவர்கள் வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், துடைத்தால் போகாத வெள்ளை அல்லது வெல்வெட் போன்ற சிவப்புத் திட்டு, காரணமில்லாமல் ஆடும் பல், இதில் எது இருந்தாலும் பயாப்சி எடுக்க வேண்டும். மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு துணுக்கு எடுத்து, ஒன்றிரண்டு தையல். பெரியாஸ்பத்திரிப் பல் பிரிவிலேயே கேட்கலாம். போகும்போது வி.டி.ஆர்.எல்., எச்.ஐ.வி. முடிவுத் தாள்களையும் கையோடு கொண்டு போங்கள், திரும்ப ரத்தம் எடுக்கும் வேலை மிச்சம்.